நெத்திலிக்குச் சட்டம், சுறாவுக்குச் சலுகை!

அமெரிக்காவில் வீட்டு அடமானக் கடன் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவன் தொழிலில் இறங்க வேண்டுமானால், இன்று அவன் 20 மணி நேரம் பாடம் படிக்க வேண்டும். பரீட்சை எழுதி நூற்றுக்கு 75 மார்க் வாங்க வேண்டும். விரல் ரேகையைக் கொடுக்க வேண்டும். மத்தியப் போலீஸ் இலாகாவான எப்.பி.ஐ. அவனுடைய பழைய வரலாற்றைத் துருவிப் பார்க்கும். சொந்தக் கடனை அவன் ஒழுங்காகக் கட்டியிருக்கிறானா என்றும் பார்ப்பார்கள். இத்தனையும் தேறினால்தான் அவனுக்கு லைசென்ஸ்.

நல்ல காரியம்தான். இதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த ஏஜெண்ட் பிடித்து வந்த கடன்களை மொத்தமாக வாங்கி, பத்திரமாக மாற்றி, உலகெங்கும் விற்றுக் கோடி கோடியாகக் குவித்தானே பாங்கி முதலாளி, அவன் எந்தப் பரீட்சை எழுதினான்? அவன் விரல் ரேகையை எந்தப் போலீஸ்காரன் எடுத்தான்?

"அமெரிக்கக்காரன் வீட்டுக் கடனில் நமக்கென்ன வேலை?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். 2008-ல் அங்கே வெடித்த வெடி நம் வாசல்வரை வந்ததை மறக்க வேண்டாம். அமெரிக்கக் கடைகள் ஆர்டரைக் குறைத்தபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்தது. மெஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து தைத்தவனுக்கு அந்த அடமானப் பத்திரத்தைத் தெரியாது. ஆனால் அதற்கான அபராதத்தில் ஒரு பங்கை அவனும் கட்டினான். ஆகவே விஷயத்தைத் தெரிந்துகொள்வது நம் வேலைதான்.

யார் இந்தத் தரகன்?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகனை நாம் பார்த்திருக்கிறோம். வாங்குகிறவனிடமும் தரகு, விற்கிறவனிடமும் தரகு. ஆனாலும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வாங்குகிறவனுக்கு வழி இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளி வாங்கிய கடனுக்குப் பல் கிடையாது. கட்டுக் கட்டாகக் காகிதம்தான் உண்டு. வக்கீல் பாஷையில் எழுதிய காகிதம். "இங்கே போடுங்கள் கையெழுத்து, இங்கேயும் ஒன்று" என்று ஏஜெண்ட் விரலை வைத்துக் காட்டுவான். 30 வருஷத் தவணைக்கு அடமானம் வைத்தது எதை? அவன் படுத்துறங்கும் வீட்டையே! தவணை தவறினால் ஜப்தி.

முன்காலத்தில் கடன் கொடுத்த பாங்கி அந்தப் பத்திரத்தைத் தன் பெட்டியிலேயே வைத்திருந்தது. கடன்காரன் கட்டாவிட்டால் நஷ்டம் பாங்கிக்கு. எனவே இவனுக்கு என்ன சம்பளம், எத்தனை பிள்ளைகள், தவணை கட்ட முடியுமா என்று பாங்கி விசாரித்தது. ஏழையிடம் பரிவு வந்தா விசாரித்தது? இல்லை, தன் பணத்தின் மேலிருந்த கவலை!

பிறகு புது வியாபாரம் வந்தது. இன்றைக்குக் கடன் கொடு, நாளைக்கே அந்தக் கடனை விற்றுவிடு! கடன் கம்பெனியிடமிருந்து நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பாங்கி வாங்கும். ஆயிரக்கணக்கான கடன்களை ஒரே மூட்டையாகக் கட்டும். அதைக் கூறு போட்டுப் பத்திரமாக்கும். பத்திரத்துக்கு "முதல் தரம்" என்று சான்று எழுத ஒரு கம்பெனி. அந்தச் சான்றுக்குக் கூலி கொடுப்பது யார்? பத்திரம் விற்கும் அதே பாங்கி! கடைசியில் அதை வாங்கியவர்களில் தொழிலாளிகளின் பென்ஷன் நிதிகளும் உண்டு.

இந்தச் சங்கிலியில் ஏஜெண்டுக்குக் கமிஷன், கம்பெனிக்கு லாபம், பாங்கிக்குக் கட்டணம், சான்று எழுதியவனுக்குக் கூலி. எல்லாருக்கும் முதல் நாளே காசு! 30 வருஷம் காத்திருக்க வேண்டியவன் கடன்காரன் ஒருவன்தான். அவன் கட்டுவானா, கட்டமாட்டானா என்ற கவலை சங்கிலியில் யாருக்கும் இல்லை. மேலே இருந்து ஏஜெண்டுக்கு வந்த உத்தரவு ஒன்றே ஒன்று: "கையெழுத்துக் கொண்டு வா! இன்னும் கொண்டு வா!"

கமிஷன் கணக்கு

ஏமாற்று எங்கே இருந்தது என்று கணக்கோடு பார்ப்போம்.

ஒரு தொழிலாளி 30 வருஷத் தவணையில் 2 லட்சம் டாலர் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 6 சத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 1,199 டாலர். 8 சத வட்டிக்குச் சுமார் 1,468 டாலர். மாதம் 269 டாலர் வித்தியாசம். 30 வருஷத்தில் ஏறக்குறைய 97,000 டாலர். கடன் தொகையில் கிட்டத்தட்டப் பாதி!

6 சத வட்டிக்குத் தகுதியுள்ளவனிடம் 8 சத வட்டிக்குக் கையெழுத்து வாங்கினால், அந்த ஏஜெண்டுக்குக் கடன் கம்பெனி தனியாக இனாம் கொடுத்தது. கடன்காரன் தலையில் எவ்வளவு ஏறுகிறதோ, ஏஜெண்ட் பையில் அவ்வளவு விழுந்தது. இதற்குக் கௌரவமான பெயரும் வைத்து, சட்டத்துக்குள்ளேயே நடத்தி வந்தார்கள்.

முதல் 2 வருஷம் குறைந்த வட்டி, பிறகு 28 வருஷம் ஏறும் வட்டி என்று ஒரு வகைக் கடன். சம்பளத்துக்குச் சான்றே வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று இன்னொரு வகை. இந்த இரண்டாவதுக்கு அந்தத் தொழிலில் இருந்தவர்களே வைத்த பெயர் "பொய்யன் கடன்"! மனுவில் சம்பளத்தைக் கூட்டி எழுதிய பேனா பல இடங்களில் ஏஜெண்டின் கையில்தான் இருந்தது.

ரம்பம் பிடித்த அதிகாரி

அப்போது சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது?

அநியாயமான வீட்டுக் கடன்களைத் தடுக்க விதி செய்யும் அதிகாரத்தை 1994-லேயே சட்டம் அமெரிக்க மத்திய பாங்கியான பெடரல் ரிசர்வுக்குக் கொடுத்தது. அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 2006 வரை பதவியில் இருந்தார். சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவருடைய வேதம். கடன் கம்பெனிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் விரிவான விதிகள் எப்போது வந்தன? 2008 ஜூலையில்! வீடு எரிந்து கூரை விழுந்த பிறகு தண்ணீர்க் குடம் வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் வந்து, தம்முடைய தத்துவத்தில் ஓட்டை இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

வீட்டுக் கடன் பாங்கிகளை மேற்பார்வை செய்த இலாகாவுக்கு ஓ.டி.எஸ். என்று பெயர். 2003-ல் அதன் தலைவர் ஜேம்ஸ் கில்லரன், பாங்கி முதலாளிகளின் சங்கத்தாரோடு சேர்ந்து போட்டோவுக்கு நின்றார். எதிரே விதிமுறைக் காகிதங்கள் குவியலாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் கையில் செடி வெட்டும் கத்தரி. கில்லரன் கையில் மரம் அறுக்கும் மெஷின் ரம்பம்! காவல்காரன் திருட்டைத் தடுக்க நிற்கவில்லை. கதவை அறுக்க நின்றான். அதை மறைக்கக்கூட இல்லை, பகிரங்கமாகப் படம் எடுத்துக்கொண்டான்.

2004-ல் வீட்டுக் கடன் மோசடி பரவுகிறது என்று எப்.பி.ஐ. எச்சரித்தது. சில மாநிலங்கள் தாங்களே சட்டம் செய்து கொள்ளைக் கடனைத் தடுக்க முயன்றன. அதே 2004-ல் வாஷிங்டனில் இருந்த பாங்கி மேற்பார்வை இலாகா, தேசிய பாங்கிகளுக்கு அந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று விதி போட்டது. 2007-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட், தேசிய பாங்கிகளின் கிளைக் கம்பெனிகளையும் மாநில அதிகாரிகள் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தானும் தடுக்கவில்லை, தடுத்தவன் கையையும் கட்டிப்போட்டது வாஷிங்டன்.

லைசென்ஸ் முறை எப்படி இருந்தது? மாநிலத்துக்கு ஒரு சட்டம். பல இடங்களில் கம்பெனிக்குத்தான் லைசென்ஸ். வீடு வீடாகப் போகும் ஏஜெண்டுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு மாநிலத்தில் விரட்டப்பட்டவன் எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் கடை விரித்தான். புளோரிடா மாநிலத்தில் மட்டும் 2000 முதல் 2007 வரை கிரிமினல் வழக்குப் பதிவுள்ளவர்கள் குறைந்தது 10,500 பேர் இந்தத் தொழிலில் நுழைந்தார்கள். அவர்களில் 4,065 பேர் மோசடி, பாங்கிக் கொள்ளை, மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் முன்பே தண்டனை பெற்றவர்கள். நிதி நெருக்கடியை விசாரித்த அமெரிக்க சர்க்காரின் கமிஷன் 2011-ல் வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது. பாங்கியைக் கொள்ளையடித்தவனையே பாங்கிக்காக வேலைக்கு வைத்த பெருமை முதலாளித்துவ ஒழுங்குக்கு உண்டு!

கண் கெட்ட பிறகு

2008 ஜூலை 30-ல் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில்தான் இந்த லைசென்ஸ் முறை வந்தது. ஏழே வாரத்துக்குள் லேமன் பிரதர்ஸ் பாங்கி திவாலாகி உலகமே ஆடியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சட்டம் சொல்வதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு மாநிலமும் தனி ஏஜெண்டுகளுக்கு லைசென்ஸ் சட்டம் செய்ய வேண்டும். 20 மணி நேரப் பாடத்தில் 3 மணி நேரம் மத்தியச் சட்டங்கள், 3 மணி நேரம் தொழில் நேர்மை. வருஷா வருஷம் 8 மணி நேரம் மறுபடியும் படிக்க வேண்டும். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்று 7 வருஷம் ஆகாதவனுக்கு லைசென்ஸ் இல்லை. மோசடி, நம்பிக்கைத் துரோகம் போன்ற பெருங்குற்றமானால் எப்போதுமே இல்லை. ஒவ்வொருவனுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே எண். எந்த மாநிலத்துக்கு ஓடினாலும் அந்த எண் நிழல்போல் கூடவே வரும். கடன் வாங்குகிறவன் அந்த எண்ணை வைத்து ஏஜெண்டின் வரலாற்றைப் பார்க்கலாம்.

இதனால் நன்மை உண்டா? உண்டு. எல்லை தாண்டி ஓடிய போக்கிரிக்கு வழி அடைபட்டது. அந்த அளவுக்கு ஏழைக்கு லாபமே.

பாங்கி ஆளுக்குப் பரீட்சை இல்லை!

ஆனால் சட்டத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். பாங்கியில் சம்பளத்துக்கு இருந்து அதே வீட்டுக் கடனை விற்கும் ஆளுக்கு லைசென்ஸ் தேவையில்லை! அவன் விரல் ரேகை கொடுத்து, பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும். 20 மணி நேரப் பாடம் இல்லை. பரீட்சை இல்லை. 75 மார்க் இல்லை. தெருவில் ஒற்றை அறை எடுத்துத் தொழில் செய்பவனுக்கு முழுச் சட்டம்; பாங்கியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பதிவேட்டில் ஒரு வரி!

"பாங்கிகளைத்தான் தனி இலாகாக்கள் ஏற்கெனவே மேற்பார்வை செய்கின்றனவே" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். அந்த மேற்பார்வையின் லட்சணத்தைப் பார்த்தோமே! வாஷிங்டன் மியூச்சுவல் என்ற பாங்கி, ரம்பம் பிடித்த அந்த ஓ.டி.எஸ். இலாகாவின் மேற்பார்வையில்தான் இருந்தது. அந்த இலாகா எந்தக் காசில் நடந்தது? தான் மேற்பார்வை செய்யும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில்! 2008 செப்டம்பர் 25-ல் அந்தப் பாங்கி விழுந்தது. சுமார் 307 பில்லியன் டாலர் சொத்துக் கணக்கு காட்டிய பாங்கி. அமெரிக்க வரலாற்றில் விழுந்த பாங்கிகளிலேயே பெரியது. இண்டிமாக் பாங்கியும் அதே இலாகாவின் கண்ணெதிரே அதே ஜூலையில் விழுந்தது. கடைசியில் 2011-ல் அந்த இலாகாவையே மூடினார்கள்.

"பேராசைப்பட்டவன் ஏழைதானே?"

முதலாளிப் பிரசாரகர்களிடம் இன்னொரு பழைய பாட்டு உண்டு. வக்கில்லாதவன் மாளிகைக்கு ஆசைப்பட்டான், அதனால் நாடு கவிழ்ந்தது என்பார்கள்.

பொய்! முதலாளிகளின் சொந்தப் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2007 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. அதிக வட்டிக் கடன் வாங்கியவர்களில் 2005-ல் 55 சதவிகிதம் பேருக்கும், 2006-ல் 61 சதவிகிதம் பேருக்கும், குறைந்த வட்டிக் கடன் கிடைக்கக்கூடிய அளவுக்குக் கடன் மார்க் இருந்தது! மலிவான சரக்குக்குத் தகுதி உள்ளவன் கையில் விலை கூடிய சரக்கைத் திணித்தது யார்?

கறுப்பு மக்களையும், லத்தீன் அமெரிக்க வம்சத்தினரையும் தேடிப் பிடித்துத் திணித்தார்கள். கண்ட்ரிவைட் என்ற கடன் கம்பெனி மீது அமெரிக்க நீதி இலாகா வழக்குத் தொடர்ந்தது. அந்த மக்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் நிறத்தையும் இனத்தையும் பார்த்துக் கூடுதலாகக் கறந்தார்கள் என்பது வழக்கு. 2011 டிசம்பரில் அது 335 மில்லியன் டாலருக்கு ராஜியாக முடிந்தது. வெல்ஸ் பார்கோ என்ற பெரிய பாங்கி, இதே மாதிரியான வழக்கில் குற்றத்தை மறுத்துக்கொண்டே 2012 ஜூலையில் 175 மில்லியன் டாலருக்கு இணங்கியது. இது தெருக்கோடித் தரகன் கடை அல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய பாங்கிகளில் ஒன்று!

அபராதம் யாருக்கு, விடுதலை யாருக்கு?

விசாரணைக் கமிஷன் 2011-ல் அறிக்கை எழுதிய நேரத்தில் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் ஜப்தியில் வீட்டை இழந்துவிட்டன. மேலும் 45 லட்சம் குடும்பங்கள் ஜப்தியின் வாயில் நின்றன. ஜப்திப் பிரமாணப் பத்திரங்களைப் படிக்காமலே, நாளுக்கு நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட ஆள் வைத்திருந்த பாங்கிகளின் குட்டு 2010-ல் வெளிப்பட்டது. கடன் கொடுக்கும்போதும் படிக்காத கையெழுத்து. வீட்டைப் பறிக்கும்போதும் படிக்காத கையெழுத்து!

பாங்கிகளைக் காப்பாற்ற 2008 அக்டோபரில் சர்க்கார் ஒதுக்கிய தொகை 700 பில்லியன் டாலர். வீட்டை இழந்தவனுக்கு 2012 ஒப்பந்தப்படி கிடைத்த செக் சுமார் 1,500 டாலர்! கண்ட்ரிவைட் தலைவர் ஆஞ்சலோ மொசிலோ 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 67.5 மில்லியன் டாலர் ராஜிக்குக் கையெழுத்திட்டார். அதிலும் ஒரு பங்கைக் கம்பெனியே கட்டியது. அவர் மீது கிரிமினல் வழக்கு வரவில்லை. வால் ஸ்ட்ரீட்டின் பெரிய பாங்கிகளின் தலைவர்களில் ஒருவர்கூடச் சிறைக் கம்பியைப் பார்க்கவில்லை.

சில்லறைத் தரகனுக்கு மோசடி போன்ற பெருங்குற்றத்தில் ஒரு தடவை தண்டனை வந்தால் ஆயுள் முழுதும் லைசென்ஸ் இல்லை. பாங்கியோ நூறு மில்லியன் கணக்கில் அபராதம் கட்டிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போலக் கதவைத் திறக்கிறது. சட்டத்தின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

ஆளை அல்ல, கூலி முறையைப் பிடி!

உண்மையில் கொள்ளையின் கழுத்தில் கை வைத்த விதி எது? 2010 ஜூலையில் வந்த நிதிச் சீர்திருத்தச் சட்டமும், அதை ஒட்டிய விதிகளும். வட்டியை ஏற்றினால் ஏஜெண்டுக்கு இனாம் என்ற முறை 2011 ஏப்ரலில் தடை செய்யப்பட்டது. கடன்காரனால் திருப்பிக் கட்ட முடியுமா என்று கொடுப்பவன் விசாரித்தே தீர வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இந்த விதிகள் தெரு ஏஜெண்ட், பாங்கி ஆள் இருவரையும் கட்டுப்படுத்தும்.

பாடம் இதுதான். 20 மணி நேரம் நேர்மையைப் பற்றிப் படித்தவன் முன்னால், "ஏமாற்றினால் இரட்டைக் கமிஷன்" என்று பணத்தை நீட்டினால் அந்தப் பாடம் எத்தனை நாள் நிற்கும்? ஏமாற்றினால் லாபம் என்ற முறை இருக்கும்வரை, ஒரு போக்கிரியை வெளியேற்றினால் இன்னொருவனைப் போக்கிரியாக்க முதலாளிக்கு நேரம் பிடிக்காது. லைசென்ஸ் ஆளைச் சோதிக்கிறது. கொள்ளையோ கூலி முறையில் இருக்கிறது; அந்தக் கூலியை நிர்ணயித்த மேல்மாடியில் இருக்கிறது.

அதனால்தான் மேல்மாடிக்காரர்கள் இந்த விதிகளைச் சும்மா விடவில்லை. 2018 மே மாதம் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் மலிவு வீடுகள் உண்டு. அங்கே ஏழைகள் வாங்கும் வீடு அதுதான். அந்த வீடு விற்கும் வியாபாரிக்கு, சில நிபந்தனைகளோடு, கடன் ஏஜெண்டுக்கான மத்திய விதிகளிலிருந்து விலக்கு! பரீட்சையே எழுதாத பாங்கி ஆள் வெளிக் கம்பெனிக்கு மாறினால், லைசென்ஸ் கைக்கு வருமுன்னே 120 நாள்வரை தொழில் செய்யவும் அதே சட்டம் வழி விட்டது. 2010 சட்டம் உண்டாக்கிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு இலாகாவின் ஊழியர்கள் வேலையை நிறுத்த வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் மேலிடத்து உத்தரவு போயிற்று. அதே வருஷம் ஜூலையில் அந்த இலாகாவுக்குக் கிடைக்கும் நிதியின் உச்சவரம்பை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். 2003-ல் எடுத்த ரம்பத்தை இவர்கள் இன்னும் கீழே வைக்கவில்லை!

என்ன வேண்டும்?

லைசென்ஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருக்கும் லைசென்ஸை ஒரு முழம்கூடத் தளர்த்தக் கூடாது என்கிறோம். அதோடு நில்லாமல், பாங்கிக்குள் உட்கார்ந்து கடன் விற்பவனுக்கும் அதே பாடம், அதே பரீட்சை வேண்டும். கடனை விலைக்கு வாங்கியவன், அந்தக் கடனில் நடந்த ஏமாற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். லாபம் எனக்கு, பொறுப்பு கீழே உள்ளவனுக்கு என்ற பேச்சு செல்லக்கூடாது. மேற்பார்வை இலாகா, மேற்பார்வை செய்யப்படுகிறவனின் காசில் வாழக்கூடாது. மோசடியை உத்தரவிட்ட தலைவனுக்கு அபராதச் சீட்டு போதாது. கோர்ட் கூண்டில் அவன் நிற்க வேண்டும்.

இது அமெரிக்கத் தொழிலாளி கேட்க வேண்டிய நியாயம். ஜப்தி ஏலத்துக்கு எதிராகத் தெருவில் நின்று அவர்களில் பலர் கேட்டும் இருக்கிறார்கள். கடனும் தரகும் எங்கே இருக்கிறதோ, அங்கே இந்த நியாயத்துக்கு வேலை இருக்கிறது.

தோழர்களே! கண்ணாடி போட்ட லைசென்ஸ் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கமிஷன் கொடுப்பவன் யார், எதற்காகக் கொடுக்கிறான், எவ்வளவு கொடுக்கிறான் என்று கேளுங்கள். நாலு பேர் கூடிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம். அவசரம் ஒன்றும் இல்லை, அவசரம் அவனுக்குத்தான்!